ஜி.எம்மைத் திட்டுவதற்கு முன்: ஹொக்கி ஒப்பந்த விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை 1 கனடா நாள். வாணவேடிக்கை இரவில்தான். ஆனால் ரொறன்ரோவில் ஹொக்கி பார்ப்பவர்களுக்கு வெடி மதியம் 12 மணிக்கே தொடங்கிவிடும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் எந்த அணியுடனும் கையெழுத்திடலாம் என்று வட அமெரிக்கப் பனி ஹொக்கி லீக்கான என்.எச்.எல். சந்தையைத் திறந்துவிடுவது அந்த நேரத்தில்தான். முதல் ஒப்பந்தச் செய்தி வந்து ஒரு நிமிடம் ஆகாது, "இந்த ஜி.எம்முக்கு மூளை கழன்றுவிட்டதா?" என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஜி.எம். என்பவர் அணியின் பொது முகாமையாளர். யாரை எடுப்பது, எத்தனை வருடத்துக்கு, எவ்வளவு சம்பளம், யாரை யாருக்கு மாற்றாகக் கொடுப்பது (அதுதான் ட்ரேட்) எல்லாம் அவர் கையில். பயிற்றுநர் தோற்றால் அந்த வாரம் திட்டு வாங்குவார். ஜி.எம். ஏழு வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்துக்கும் இன்று திட்டு வாங்குவார். ரொறன்ரோவின் அணியான மேப்பிள் லீஃப்ஸ் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1967 இல். ஆகவே இந்த ஊரில் அந்த வேலைக்கு யார் வந்தாலும் ஏச்சு நிச்சயம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இந்தச் சண்டையில் முழுதாக இறங்கிவிட்டார்கள். அவர்களோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கிய அப்பாமாரும் மாமாமாரும் இப்போது ஒப்பந்தக் கணக்கெல்லாம் பேசுகிறார்கள்.

திட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திட்டுவதற்கு நிறையவே இருக்கிறது. தப்பான காரணத்துக்காகத் திட்டிவிட்டு, திட்ட வேண்டிய இடத்தைக் கோட்டை விடுகிறோம் என்பதுதான் குறை. கையெழுத்துப் போட்ட அன்று அந்த மனிதர் முன்னால் என்னென்ன வழிகள் இருந்தன என்று கேட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை அடங்கிவிடும். மீதிப் பாதி இன்னும் சூடாகும். அது நல்லதுதான்.

டொலரை மட்டும் பார்ப்பது

என்.எச்.எல்லில் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை வருடங்களால் வகுத்து வரும் சராசரிதான் அந்தக் கணக்கில் ஏறும். ஆகவே 10 மில்லியன் டொலர் அதிகமா குறைவா என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. உச்சவரம்பில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். 2018 இல் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் என்ன வாடகைக்குப் போனது, இன்று என்ன வாடகைக்குப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆண்டைச் சொல்லாமல் விலையைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

எட்மன்டனின் லியோன் ட்ரைசைடில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2017 ஓகஸ்டில் ஜி.எம். பீற்றர் ஷியரெல்லி அவருக்கு 8 வருடம், வருடத்துக்கு 8.5 மில்லியன் கொடுத்தார். அதற்கு முந்தைய பருவத்தில் 77 புள்ளிகள் (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்ந்த கணக்கு) எடுத்த இளைஞர். ஒரு நல்ல பருவத்தை நம்பி இவ்வளவா என்று அன்று பலர் கேட்டார்கள். 2019–20 இல் அவர் 110 புள்ளிகள் எடுத்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதையும் வாங்கினார். அதற்குள் ஷியரெல்லி வேலையை விட்டு அனுப்பப்பட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. லீக்கிலேயே மலிவான ஒப்பந்தங்களில் ஒன்று என்று பின்னாளில் பேசப்பட்டதைப் போட்டவர் அவர்தான். அதற்கு அவருக்கு யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018 மே மாதம் கைல் டூபஸ் லீஃப்ஸ் ஜி.எம். ஆனபோது அவருக்கு வயது 32. அடுத்த 16 மாதங்களில் நான்கு பெரிய கையெழுத்துகள். ஜோன் டவாரெஸ் 7 வருடம், 11 மில்லியன். வில்லியம் நைலாண்டர் 6 வருடம், ஏறக்குறைய 6.96 மில்லியன். ஓஸ்டன் மத்தியூஸ் 5 வருடம், 11.64 மில்லியன். மிச் மார்னர் 6 வருடம், 10.9 மில்லியன். கூட்டினால் வருடத்துக்கு 40.5 மில்லியன். 2019–20 இல் உச்சவரம்பு 81.5 மில்லியன். நான்கு பேருக்கே ஏறக்குறைய பாதி போய்விட்டது.

"பாதிப் பணத்தை நான்கு பேருக்குக் கொடுத்த முட்டாள்" என்பது பிரபலமான வாதம். அதில் விடுபட்டது என்ன? 2017–18 இல் 75 மில்லியனாக இருந்த உச்சவரம்பு அடுத்த வருடமே 79.5 மில்லியன் ஆகியிருந்தது. சியாட்டிலில் புது அணி வரவிருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவிருந்தது. உச்சவரம்பு ஏறிக்கொண்டே போகும், மூன்று வருடத்தில் அந்தப் பாதி சுருங்கிவிடும் என்பதுதான் கணக்கு. பிறகு 2020 மார்ச்சில் கொரோனா வந்து லீக்கையே நிறுத்தியது. மூன்று பருவங்களுக்கு உச்சவரம்பு 81.5 மில்லியனிலேயே நின்றது. அதற்குப் பிறகும் வருடம் ஒரு மில்லியன் என்று ஊர்ந்தது. கொரோனாவை டூபஸ் முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவருடைய ஒப்பந்தங்களை 2021 இன் உச்சவரம்பை வைத்து அளப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, அப்படியானால் அவரில் பிழையே இல்லையா? இருக்கிறது. ஏறும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நான்கு ஒப்பந்தத்தையும் அடுக்கினார். நம்பிக்கை பொய்த்தால் தப்பிக்க ஒரு வழியும் வைக்கவில்லை. அத்தோடு இளம் ஆட்டக்காரர்கள் சந்தைக்குப் போக இன்னும் வருடங்கள் இருந்தபோதே, சந்தை விலைக்கு அருகில் கொடுத்தார். அணிக்கு உரிமை இருக்கும் காலத்தில் பேரம் பேசும் பலம் அணியின் பக்கம்தான் இருக்கும். அந்தப் பலத்தை அவர் பயன்படுத்தவில்லை. என்னைக் கேட்டால் திட்ட வேண்டிய இடம் இதுதான்.

இன்னொரு வழக்கமான வாதம்: "கொலராடோ மக்கின்னனை 6.3 மில்லியனுக்கு வைத்திருந்ததே, நாம் ஏன் மத்தியூஸுக்கு 11.64?" நேதன் மக்கின்னன் அந்த 7 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 2016 இல், 52 புள்ளிகள் எடுத்த பருவத்துக்குப் பிறகு. மத்தியூஸ் கையெழுத்திடும்போது தன் முதல் இரண்டு பருவங்களில் 40, 34 என்று கோல் அடித்து முடித்திருந்தார். மக்கின்னன் பிறகு எப்படிப்பட்டவர் ஆனார் என்பதை வைத்து அவருடைய பழைய விலையை மத்தியூஸின் விலையோடு ஒப்பிடுவது பிழை. கையெழுத்து நாளில் இருவரும் எங்கே நின்றார்கள் என்று பார்க்க வேண்டும். மத்தியூஸ் விடயத்தில் கேட்கத்தக்க கேள்வி வருடங்களைப் பற்றியது: ஏன் 5? 8 வரை போகலாம் என்று விதி இருந்ததே? குறைந்த வருடத்துக்கும் முழு விலையைக் கொடுத்ததுதான் கசப்பு.

நைலாண்டரின் கதை இன்னும் சுவையானது. 2018 பருவம் தொடங்கிவிட்டது, அவர் கையெழுத்திடாமல் ஸ்வீடனில் இருந்தார். டிசம்பர் 1 மாலை 5 மணிக்குள் ஒப்பந்தம் ஆகாவிட்டால் அந்தப் பருவமே ஆட முடியாது என்பது விதி. கடைசி நிமிடங்களில் கையெழுத்தானது. வந்து ஆடிய 54 ஆட்டங்களில் வெறும் 27 புள்ளிகள். "7 மில்லியனுக்கு இதுவா?" என்று ஊரே சிரித்தது. கனடிய அணிகளின் ரசிகர்கள் பொறுமைக்குப் பெயர் போனவர்கள் அல்ல. பிறகு 2022–23 இலும் அடுத்த பருவத்திலும் தலா 40 கோல். அந்த 6.96 மில்லியனைப் போல மலிவு நான்கில் வேறில்லை. 2024 ஜனவரியில் அவருக்கு 8 வருடத்துக்கு 11.5 மில்லியன் கொடுக்கப்பட்டபோது மறுபடியும் அதே கூச்சல். 2024–25 இன் 88 மில்லியன் உச்சவரம்பில் அது 13 சதவீதம். 2026–27 இன் 104 மில்லியனில் 11 சதவீதம். ஒப்பந்தம் அப்படியே நிற்க, சுமை மட்டும் வருடா வருடம் இறங்குகிறது.

ட்ரேட்டில் பெயர்களை மட்டும் எண்ணுவது

ட்ரேட் நடந்ததும் முதல் கேள்வி "யார் வென்றது?" என்பதுதான். இந்தப் பக்கம் ஒரு பெயர், அந்தப் பக்கம் இரண்டு பெயர், எது கனம்? பெயர்களோடு சேர்ந்து போகும் மற்றவை, அதாவது ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மீதி, யாருடைய சம்பளத்தில் யார் பாதியைச் சுமக்கிறார்கள், எந்த அணிக்குப் போக மாட்டேன் என்று ஆட்டக்காரர் மறுக்கலாம் என்பவையெல்லாம் விவாதத்துக்கு வருவதே இல்லை.

2019 ஜூலை 1. டூபஸ் நாஸெம் காட்ரியையும் காலி ரோசெனையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவையும் (தெரிவு என்பது வருடாந்தரத் தேர்வில் புது இளைஞர் ஒருவரை எடுக்கும் உரிமை) கொலராடோவுக்குக் கொடுத்து டைசன் பாரி, அலெக்ஸாண்டர் கெர்ஃபுட், ஒரு ஆறாம் சுற்றுத் தெரிவு ஆகியவற்றை வாங்கினார். மூன்று வருடம் கழித்து, 2022 இறுதிப் போட்டியின் நான்காம் ஆட்டத்தில் மேலதிக நேரத்தில் காட்ரி கோல் அடித்தார். கொலராடோ கிண்ணத்தைத் தூக்கியது. அந்தக் கோலை மறுபடி மறுபடி போட்டுக்காட்டி, "இவரையா கொடுத்தாய்?" என்று கேட்பது ரொறன்ரோவில் இன்றும் நடக்கும் சடங்கு.

அன்று நிலைமை என்ன? 2018 இலும் 2019 இலும் பொஸ்டனுக்கு எதிரான ப்ளேஓஃப் (கிண்ணத்துக்கான வெளியேற்றுச் சுற்று) தொடர்களில் காட்ரி தடை வாங்கினார். இரண்டாம் முறை தொடரின் மீதி முழுவதும் வெளியே. இரண்டு தொடரும் ஏழாம் ஆட்டத்தில் தோல்வி. பொறுமை போய்விட்டது. அத்தோடு, சில அணிகளை மறுக்கும் உரிமை காட்ரியின் ஒப்பந்தத்தில் இருந்தது. கல்கரியுடன் பேசி வந்த ஒரு ட்ரேட்டை அவர் அந்த உரிமையால் நிறுத்தினார். (பிறகு 2022 இல் தானே விரும்பிக் கல்கரியில் கையெழுத்திட்டார் என்பது வேறு கதை.) ஆக, டூபஸுக்கு முன்னால் இருந்த கடைகளே குறைவு. பாரியின் சம்பளத்தில் பாதியைக் கொலராடோ ஏற்றுக்கொண்டதால் லீஃப்ஸ் கணக்கில் அவர் 2.75 மில்லியன் மட்டுமே. அணிக்கு வலக்கையால் ஆடும் தற்காப்பு வீரர் தேவைப்பட்டதும் உண்மை. முந்தைய பருவத்தில் பாரி 59 புள்ளிகள் எடுத்திருந்தார்.

இதையெல்லாம் கேட்டபின்னும் அது மோசமான ட்ரேட்தான் என்பேன். ஆனால் 2022 கோலுக்காக அல்ல. காட்ரியின் ஒப்பந்தத்தில் 4.5 மில்லியன் வீதம் இன்னும் மூன்று வருடம் மீதி இருந்தது. பாரிக்கு ஒரே ஒரு வருடம். நடுவில் ஆடும் (சென்டர்) ஆட்டக்காரர் ஒருவரை மூன்று வருடத்துக்கு மலிவாக வைத்திருந்த அணி, ஒரு வருட வாடகைக்கு அவரைக் கொடுத்தது. இது 2019 ஜூலை 1 அன்றே காகிதத்தில் இருந்தது. எதிர்பார்த்தபடி 2020 இல் பாரி எட்மன்டனுக்குப் போய்விட்டார். கோலைக் காட்டித் திட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னும் நன்றாகத் திட்டலாம்.

இதே இடத்தில் கல்கரியின் கதையையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலையில் ஜோனி கோட்ரோ சந்தைக்குப் போய் கொலம்பஸில் சேர்ந்துவிட்டார். கல்கரிக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. சில நாளில் மத்தியூ காச்சக்கும் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டேன் என்றார். ஜி.எம். பிராட் ட்ரெலிவிங் அவரை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பி, 115 புள்ளிகள் எடுத்த ஜோனதன் ஹியூபர்டோ, தற்காப்பு வீரர் மக்கென்ஸி வீகர், கோல் ஷ்விண்ட் என்ற இளைஞர், நிபந்தனையோடு ஒரு முதல் சுற்றுத் தெரிவு எல்லாம் வாங்கினார். இருக்க மாட்டேன் என்று சொன்னவருக்கு இவ்வளவா என்று அன்று கைதட்டினார்கள். பிறகு ஃப்ளோரிடா 2023 இல் இறுதிக்குப் போனது, 2024 இலும் 2025 இலும் கிண்ணம் வென்றது. ஹியூபர்டோ கல்கரியில் முதல் பருவத்தில் 55 புள்ளிகளுக்கு விழுந்தார். கைதட்டியவர்களே இப்போது சரித்திரத்தின் மோசமான ட்ரேட் என்கிறார்கள்.

இதில் இரண்டு முடிவுகள் ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்துப் பாருங்கள். ட்ரேட் ஒன்று. அதற்குச் சில நாள் கழித்து ஹியூபர்டோவுக்குக் கொடுத்த 8 வருடம், 10.5 மில்லியன் ஒப்பந்தம் வேறொன்று. அந்த ஒப்பந்தம் தொடங்கும்போது அவருக்கு 30 வயது. கல்கரியின் பனியில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன் போட்ட கையெழுத்து. வீகர் நல்ல வரவாகவே இருந்தார். ட்ரேட்டுக்கு நான் நல்ல மதிப்பெண்தான் கொடுப்பேன். ஒப்பந்தத்துக்குத் தயங்காமல் பூச்சியம்.

வேறொருவர் போட்ட கையெழுத்துக்கு இவரைத் திட்டுவது

ஜி.எம். மாறினாலும் ஒப்பந்தம் மாறாது. 2017 இல் பற்றிக் மார்லோவுக்கு 3 வருடம், 6.25 மில்லியன் கொடுத்தவர் அப்போதைய ஜி.எம். லூ லாமொரெல்லோ. மார்லோவுக்கு அப்போது 37 வயது. 35 தாண்டியவரின் பல வருட ஒப்பந்தத்தை இடையில் முறித்தாலும் உச்சவரம்புக் கணக்கில் விடுதலை கிடைக்காது என்பது விதி. ஆகவே 2019 இல் மார்னருக்கு இடம் தேடிய டூபஸ், மார்லோவின் கடைசி வருடத்தைச் சுமக்க கரோலைனாவுக்கு 2020 முதல் சுற்றுத் தெரிவைக் கூலியாகக் கொடுத்தார். அடுத்த பருவம் லீஃப்ஸ் ப்ளேஓஃப் தகுதிச் சுற்றிலேயே கொலம்பஸிடம் தோற்றது. தெரிவு 13 ஆம் இடத்தில் வந்து நின்றது. கரோலைனா அதில் செத் ஜார்விஸை எடுத்தது.

"மார்லோவைத் தள்ளிவிட ஜார்விஸைக் கொடுத்தான்" என்கிறார்கள். கொடுத்தது ஜார்விஸை அல்ல, எங்கே விழும் என்று தெரியாத ஒரு தெரிவை. அதே 13 இல் இன்னோர் அணி வேறு பையனை எடுத்திருக்கும். தெரிவில் பிறகு யார் வந்தார் என்பதை விலையாகச் சேர்ப்பது தவறு. அதே நேரம், "எப்படியும் லீஃப்ஸ் 25 இல்தான் தெரிவு செய்யும்" என்ற நினைப்பில் ஒரு முதல் சுற்றுத் தெரிவை வீசியது மெத்தனம்தான். பிழை மூன்று பங்கு: ஒப்பந்தம் போட்டவருக்கு ஒன்று, கடைசி நேரம்வரை வேறு இடம் ஒதுக்காதவருக்கு ஒன்று, கொலம்பஸிடம் தோற்ற அணிக்கு ஒன்று.

இந்தத் தவறின் உச்சம் மினசோட்டா. 2012 ஜூலை 4 அன்று ஜி.எம். சக் ஃப்ளெச்சர் ஸாக் பரீஸே, ரையன் சூட்டர் இருவருக்கும் தலா 13 வருடம், 98 மில்லியன் கொடுத்தார். ஆறு மாதத்தில் லீக் விதியை மாற்றி, அவ்வளவு நீளமான ஒப்பந்தமே போட முடியாதபடி செய்துவிட்டது. 2021 இல் புது ஜி.எம். பில் கெரின் இருவரையும் பை-அவுட் செய்து, அதாவது மீதிச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்து, அனுப்பினார். விளைவு: 2023–24, 2024–25 இரண்டு பருவங்களிலும் அணியில் இல்லாத இரண்டு பேருக்காக வருடத்துக்கு 14.7 மில்லியன் கணக்கில் ஏறியது. உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். அந்தச் சுமை வரப்போகிறது என்று தெரிந்துதான் 2022 இல், 85 புள்ளிகள் எடுத்த கெவின் ஃபியாலாவை லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்தார்கள். அன்று கெரினை ஏசாதவர் இல்லை. பதிலுக்கு வந்த புரொக் ஃபேபர் இப்போது அணியின் முதல் வரிசைத் தற்காப்பு வீரர். யாரைத் திட்டுவது என்று கேட்டால், ஒப்பந்தத்துக்கு ஃப்ளெச்சரை, இரண்டையும் ஒரே நாளில் முறித்ததற்கு கெரினை. ஃபியாலாவுக்காகத் திட்டத்தான் ஆளில்லை.

நடக்காத ட்ரேட்டை மறப்பது

செய்தியில் வரும் ட்ரேட்டை மட்டும் எடைபோடுகிறோம். செய்யாமல் விட்டதும் ஒரு முடிவுதான், அதற்குத் தலைப்புச் செய்தி கிடையாது. அவ்வளவுதான் வித்தியாசம். கோட்ரோ போனபோது கல்கரி வெறுங்கையோடு நின்றது ஓர் உதாரணம்.

மார்னர் இன்னும் பெரிய உதாரணம். அவருடைய ஒப்பந்தத்தில், அவர் சம்மதமில்லாமல் எங்கும் அனுப்ப முடியாது என்ற நிபந்தனை 2023 ஜூலை 1 இல் அமலுக்கு வந்தது. 2023 மே 19 அன்று டூபஸ் நீக்கப்பட்டார். மே 31 அன்று அதே ட்ரெலிவிங் ரொறன்ரோவுக்கு வந்தார். அவர் மேசையில் உட்கார்ந்தபோது அந்தக் கதவு மூட ஒரு மாதம் இருந்தது. புதிதாக வந்தவர் முதல் மாதத்திலேயே அணியின் நட்சத்திரத்தை விற்பது நடக்கிற காரியமா? கதவு மூடியது. 2025 மார்ச்சில் வேறோர் அணிக்குப் போகச் சம்மதிக்கும்படி கேட்டபோது மார்னர் மறுத்துவிட்டார் என்று பல இடங்களில் செய்தி வந்தது. அது அவருடைய உரிமை. அதைத் துரோகம் என்பவர்கள் அந்த உரிமையைக் கொடுத்த பேனாவை மறந்துவிட்டார்கள். அந்தப் பருவத்தில் 102 புள்ளிகள் எடுத்தவர் 2025 கோடையில் வேகஸுக்குப் போனார், 8 வருடம், 12 மில்லியன். லீஃப்ஸ் கைக்கு வந்தது நிக்கொலா ருவா என்ற நடுவரிசை ஆட்டக்காரர் ஒருவர். நிர்வாகத்தையே திட்ட வேண்டுமென்றால், 2023 மே மாதத்தில் ஒரு ஜி.எம்மை மாற்றிய நேரத்தைத் திட்டலாம். அந்த முடிவு ஜி.எம்முக்கும் மேலே இருந்தவர்களுடையது.

சாய்கதிரையில் இருந்து ட்ரேட் போடுவது

"மூன்று நடுத்தர ஆட்டக்காரரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை வாங்கலாமே" என்பது வீடியோ விளையாட்டில் நடக்கும். நிஜத்தில் ஓர் அணியின் பட்டியலில் 23 பேருக்குத்தான் இடம். மூன்று பேரை வாங்குபவர் இரண்டு பேரை வெளியே அனுப்ப வேண்டும். "சம்பளத்தில் பாதியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்" என்பதற்கும் எல்லை உண்டு: அதிகபட்சம் 50 சதவீதம், ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு மூன்று ஒப்பந்தம் மட்டும்.

"பை-அவுட் செய்துவிடு" என்பது இன்னோர் எளிய ஆலோசனை. 26 வயது தாண்டியவருக்கு, மீதமுள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொடுக்க வேண்டும். அதை மீதமுள்ள வருடங்களின் இரட்டிப்புக்குப் பரப்ப வேண்டும். வருடத்துக்கு 6 மில்லியன் வீதம் இரண்டு வருடம் மீதி என்று வையுங்கள். மொத்தம் 12, அதில் மூன்றில் இரண்டு பங்கு 8. நான்கு வருடத்துக்கு வருடம் 2 மில்லியன். முதல் இரண்டு வருடம் 4 மில்லியன் மிச்சம், அடுத்த இரண்டு வருடம் ஆளில்லாமலே 2 மில்லியன் நட்டம். இதுவும் அடிப்படைச் சம்பளத்துக்குத்தான். கையெழுத்து போனஸ் என்று எழுதிய தொகையை ஒரு சதம்கூடக் குறைக்க முடியாது. டவாரெஸ், மத்தியூஸ் ஒப்பந்தங்களில் பெரும் பகுதி அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. அவர்களை பை-அவுட் செய் என்று சொன்னவர்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கவில்லை.

அப்புறம் வரிக் கதை. ஃப்ளோரிடாவிலும் டெக்ஸாஸிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரி கிடையாது, அதனால்தான் அவர்கள் வெல்கிறார்கள், நம் ஜி.எம். என்ன செய்வார் பாவம் என்று ஒரு கூட்டம். அனுகூலம் உண்மை. ஆனால் 2001 முதல் 2011 வரை ஒரு முறைகூட ப்ளேஓஃப் போகாத ஃப்ளோரிடா பான்தர்ஸ் அணிக்கும் அதே வரிச் சட்டம்தான் இருந்தது. வரி உதவும், ஆனால் யாரை எடுப்பது என்று அது சொல்லித் தராது.

இனி வரும் ஜூலைகளில் எண்கள் இன்னும் மிரட்டும். உச்சவரம்பு 2025–26 இல் 95.5 மில்லியன், அடுத்து 104, 2027–28 இல் 113.5 என்று லீக் முன்கூட்டியே அறிவித்துவிட்டது. 2026 செப்டம்பரில் தொடங்கும் புதிய தொழில் ஒப்பந்தத்தில் நீளமும் குறைகிறது: தன் ஆட்டக்காரருக்கு ஓர் அணி 7 வருடம் வரை, வெளியிலிருந்து வருபவருக்கு 6 வருடம் வரைதான். அதற்கு முன்பே, 2025 செப்டம்பரில், மினசோட்டாவில் அதே கெரின் கிரில் கப்ரிஸோவுக்கு 8 வருடம், வருடத்துக்கு 17 மில்லியன் கொடுத்தார். லீக்கின் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய தொகை அதற்கு முன் இல்லை. பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 17 ஐ 104 ஆல் வகுத்தால் 16.3 சதவீதம். 2018 இல் கானர் மக்டேவிட்டின் 12.5 மில்லியன் தொடங்கியபோது அது அன்றைய உச்சவரம்பில் 15.7 சதவீதம். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. கப்ரிஸோவ் மக்டேவிட் அளவுக்கு ஆடுபவரா என்றால், இல்லை. மக்டேவிட்டோ 2025 ஒக்ரோபரில் மேலும் இரண்டு வருடத்துக்கு அதே 12.5 மில்லியனுக்கே கையெழுத்திட்டார். 104 மில்லியனில் அது வெறும் 12 சதவீதம். அடுத்து ஒரு நட்சத்திரம் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது அவருடைய முகவர் 17 ஐக் காட்டுவார், ஜி.எம். 12.5 ஐக் காட்டுவார்.